நேசமலரின் பங்கு அரிசி

முரசுமோட்டையில் போய் இராசேஸ்வரி வீடு எங்கே என்று கேட்டால் ஆளை ஆள் பார்ப்பார்கள். வாய்க்கால் முடக்கு இராசக்கா என்று கேட்டால் படலைவரை கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். பெரிய வாய்க்கால் வளைந்து திரும்புகிற இடத்தில் அவள் வளவு இருந்ததால் வந்த பெயர் அது. அறுபத்து நாலாம் ஆண்டில் அவளுக்கு வயது ஐம்பது தாண்டி ஒன்றோ இரண்டோ இருக்கும். புருசன் வயல் வரம்பில் பாம்பு கடித்துச் செத்து எட்டு வருசம். பிள்ளை இல்லை. யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப்போய்த் தமையனோடு இரு என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். போனால் தமையன் பெண்சாதிக்குச் சம்பளமில்லாத சமையல்காரி ஆகவேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தன் மூன்று ஏக்கரைத் தானே விதைத்தாள், தானே தண்ணீர் கட்டினாள், பன்றிக்குத் தானே காவல் இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய் இல்லாவிட்டால் ஒற்றைப் பெண்ணின் வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் முறையாக வந்திருக்குமா என்பதையும் யோசிக்கவேண்டும்.

வாய் நீளமானவர்களுக்குச் சிநேகிதம் குறைவு என்பார்கள். இராசேஸ்வரிக்கு இரண்டே இரண்டு பேர். கமலாசனி, நேசமலர்.

ஐம்பத்து மூன்றில் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்தவர்களை யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் ஏற்றிவந்து இறக்கினார்கள். அந்த லொறியில் ஒரே நெல்லுச் சாக்கின் மேல் இடித்து நெரித்துக்கொண்டு வந்தவர்கள் இந்த மூன்று பேரும். புலோலிக்காரி இராசேஸ்வரி, வட்டுக்கோட்டைக் கமலாசனி, சண்டிலிப்பாய் நேசமலர். ஏறும்போது ஒருத்திக்கு ஒருத்தியைத் தெரியாது. பரந்தனில் இறங்கும்போது கமலாசனியின் வாந்தியை மற்ற இருவரும் மாறி மாறித் துடைத்து முடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு முகம் பார்த்துப் பழக என்ன இருக்கிறது? காணியும் அடுத்தடுத்து விழுந்தது. மற்ற இருவரும் வயதில் ஐந்தாறு குறைந்தவர்கள் என்பதால் அக்கா என்பார்கள். அவள் எடி என்பாள்.

ஆனால் அவர்களை உண்மையில் கட்டிவைத்தது ஐம்பத்தேழு மார்கழி வெள்ளம். இராசேஸ்வரியின் புருசன் போய் ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. தண்ணீர் முற்றம் ஏறி, படி ஏறி, குசினிக்குள் வந்தபோது அவள் அடுப்படியில் சும்மா குந்திக்கொண்டு இருந்தாள். வந்தால் வரட்டும் என்று இருந்தாள். மற்ற இருவரும் இடுப்பளவு தண்ணீரில் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். நெல்லுக் களஞ்சியத்தின் மேற்பரணில் மூன்று நாள். ஓடி வரும்போது மூவரும் பானைக்குள் கைவிட்டு அகப்பட்ட அரிசியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்திருந்தார்கள். ஆனால் காய்ச்ச ஏனம் இல்லை. இரண்டாம் நாள் எங்கிருந்தோ ஒரு பித்தளைப் பானை மிதந்து வந்தது. கமலாசனியின் புருசன் அப்புத்துரை நீந்திப்போய்ப் பிடித்து வந்தார். மூன்று பேரும் தங்கள் தங்கள் முடிச்சை அவிழ்த்து அதற்குள் கொட்டிக் கஞ்சி காய்ச்சினார்கள்.

அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டுத்தான் நேசமலர் நேர்த்தி வைத்தாள். உயிரோடு இறங்கினால் வருசா வருசம் வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வாசலில், இதே பானையில், மூன்று பேர் அரிசியும் சேர்த்துப் பொங்குவோம் என்றாள். மற்ற இருவரும் பானையில் கை வைத்து ஓம் என்றார்கள். தண்ணீர் வடிந்த பிறகு ஊரெல்லாம் விசாரித்தும் பானைக்குச் சொந்தக்காரர் வரவில்லை.

அடுத்த வருசம் கலவரத்தில் நாடு குழம்பிக் கிடந்ததில் போக முடியவில்லை. அதற்கடுத்த வைகாசியிலிருந்து ஐந்து வருசம் தவறாமல் போனார்கள், அப்புத்துரையின் மாட்டு வண்டியில். அவர்களே ஒரு முறையும் வகுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியும் தன் காலபோக நெல்லை அவிக்காமல் வெயிலில் காயவைத்து, தன் கையால் குற்றி, இரண்டு சுண்டு பச்சையரிசி கொண்டு வரவேண்டும். புழுங்கல் அரிசியில் பொங்கல் புக்கை காய்ச்சுவதில்லை என்பது பால்குடிக்குக்கூடத் தெரியும், அதைச் சொல்லவேண்டியதில்லை. அரிசியைத் துணியில் முடிந்து, முடிச்சை அடுப்படியில்தான் அவிழ்க்கவேண்டும். அவரவர் முடிச்சை அவரவர் அவிழ்க்கவேண்டும். இடையில் ஒருவரும் தொடக்கூடாது. பானை மட்டும் இராசேஸ்வரி வீட்டில் இருந்தது. "நீயே வைச்சிரு அக்கா, உன்ர வீட்டிலதான் இடம் கிடக்கு" என்று கமலாசனி ஒருநாள் சொன்னாள். அவள் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. இராசேஸ்வரி மட்டும் அன்று வீட்டுக்கு வந்து அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

அறுபத்து நாலு வைகாசி வந்தது. அப்புத்துரை மாட்டையும் வண்டியையும் விற்றுவிட்டு உழவு மெசின் வாங்கியிருந்தார். கண்டாவளைவரை சிறுபோக உழவுக்கு மெசின் ஓடியது. ஓட்டுகிறவர்களுக்கும் கூட ஓடுகிறவர்களுக்கும் மூன்று நேரமும் கமலாசனி சமைத்துக் கொட்டவேண்டும். இராசேஸ்வரி போய்ப் பயணக் கதை எடுத்தபோது அவள் அகப்பையும் கையுமாக நின்று, பாத்தனிதானே அக்கா, மூச்சுவிட நேரமில்லை, இந்த முறை விடுவம் என்றாள். மெசின் வந்தால் வேலை குறையும் என்று சொன்ன புண்ணியவான் யாரோ, அவன் கமலாசனியின் குசினியை எட்டிப் பார்த்திருக்கமாட்டான்.

நேசமலரின் சங்கதி வேறு. அவள் மாதர் சங்கத்துத் தலைவி ஆகிவிட்டாள். பொங்கல் வருகிற அதே திங்கட்கிழமை அரசாங்கக் கச்சேரியிலிருந்து பெரிய ஆட்கள் வந்து தையல் நிலையம் திறக்கப்போகிறார்கள். கதிரை சேர்க்கவேண்டும், மாலை கட்டவேண்டும், வரவேற்புரை பாடமாக்கவேண்டும். தலைவி இல்லாமல் எப்படி? நேசமலர் இராசேஸ்வரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அம்மாளாச்சிக்குத் தெரியும் அக்கா என் மனம், உடம்பு இங்கே நின்றாலும் நான் அங்கேதான் இருப்பேன் என்று கண் கலங்கச் சொன்னாள். கமலாசனியின் பேச்சில் வந்த கோபம் நேசமலரின் பேச்சில் கொஞ்சம் ஆறியது.

இராசேஸ்வரி வீட்டுக்கு வந்து பானையை எடுத்துப் புளி போட்டு விளக்கினாள். விளக்க விளக்க ஒரு யோசனை வந்தது. நேர்த்தியில் சொன்னது மூன்று பேர் அரிசி. ஆள் வராவிட்டால் அரிசி வரலாம்தானே? அடுத்த நாள் இருவர் வீட்டுக்கும் போனாள்.

"உங்கட கை வராட்டி அரிசியாவது வரட்டும். ரெண்டு சுண்டு. முடிஞ்சு தாங்கோ, நான் உங்கட கையா நினைச்சு அவிழ்க்கிறன்."

இது அவளுக்கு விளையாட்டில்லை. மூன்று முடிச்சும் பானைக்குள் விழுந்தால் அவளுக்கு இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். விழாவிட்டால் இல்லை. வெளியில் அவள் அப்படிச் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஆனால் வெள்ளத்தன்று அடுப்படியில் சும்மா குந்திக்கொண்டு இருந்த அந்த மனுசியை அவள் மறக்கவில்லை. தனியே விட்டால் தான் திரும்பவும் அப்படிக் குந்திவிடுவாள் என்ற பயம் அவளுக்கு உள்ளூர இருந்தது.

நேசமலர் அந்த நிமிடமே உள்ளே போனாள். விறாந்தையில் சங்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் கடதாசிப் பூ வெட்டிக்கொண்டு இருந்தார்கள். அவர்களோடு கதைத்தபடியே அளந்து, பூப்போட்ட கைலேஞ்சித் துணியில் முடிந்து, கண்ணில் ஒற்றிக் கொடுத்தாள். கமலாசனி ஓம் ஓம் அனுப்பிவிடுகிறேன் என்றாள், அனுப்பவில்லை. இராசேஸ்வரி இரண்டாந்தரமும் போய் நின்றாள். மூன்றாந்தரம் போக மானம் விடவில்லை. புறப்படுகிற அன்று விடியத்தான் மெசின்காரன் ஒருவன் வாய்க்கால் கரையில் மெசினை நிறுத்தி, கமலாசனியக்கா தந்தவ என்று ஒரு பழைய சேலைத்துண்டு முடிச்சை நீட்டினான். ஒரு சொல்லும் கூட வரவில்லை.

யாருடன் போவது என்ற கேள்விக்கு விடை வாய்க்கால் முடக்கிலேயே நின்றது. தண்ணீரூற்று ஊரைச் சேர்ந்த கச்சு முகம்மதுவின் காப்பு வண்டி. கண்ணாடிக் காப்பு, ரிப்பன், சீப்பு, முகம் பார்க்கும் கண்ணாடி என்று பெட்டி பெட்டியாக அடுக்கி, பெண்சாதி றாபியாவும் தங்கை ஜொஹறாவும் பின்னால் இருக்க, பரந்தன் வீதியில் போய்வருகிற வண்டி. இரண்டு வருசமாக மாட்டுக்குத் தண்ணீர் காட்ட இராசேஸ்வரியின் வேலியோரம் நிற்கும். முதல் நாள் றாபியா காப்புப் பெட்டியைத் திறந்து நீட்டிவிட்டு, அவளுடைய வெறும் நெற்றியையும் வெறும் கையையும் கண்டு பதறி மூடினாள். மூடாதை பிள்ளை, பார்க்கிறதுக்குக் குற்றமில்லைத்தானே என்று இராசேஸ்வரி சிரித்தாள். அப்படித் தொடங்கிய பழக்கம். வற்றாப்பளைப் பொங்கலுக்கு அவர்கள் எப்படியும் கடை போடப் போவார்கள். பஸ்ஸில் பானையோடும் விறகோடும் அல்லாடப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும், எங்கள் வண்டியில் வாங்கோ அக்கா என்று றாபியாதான் சொன்னாள்.

சனிக்கிழமை காலை புறப்பட்டார்கள். இராசேஸ்வரி மடியில் பானை, பானைக்குள் மூன்று முடிச்சு.

புதுச் சிநேகிதம் நல்லதுதான். ஆனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கிறதே, அதுதான் களைப்பு. லொறியைச் சொல்லவேண்டும், வெள்ளத்தைச் சொல்லவேண்டும், கமலாசனி யார் என்று சொல்லவேண்டும். சொன்னால் அந்தப் பெண்கள் அக்கறையாகத்தான் கேட்டார்கள். கேட்டு, அப்படியா என்றார்கள். அப்படியா என்பதற்குமேல் அவர்கள் என்ன சொல்ல முடியும், பாவம். பிறகு ஜொஹறா ஏதோ ஒரு மாமியைப் பற்றி ஒரு சொல் சொல்ல, றாபியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், முன்னால் இருந்த கச்சு முகம்மதுவுக்கும் தோள் குலுங்கியது. இராசேஸ்வரி விழித்ததைக் கண்டு றாபியா அந்தக் கதையை விளக்கினாள். விளக்கியபோது அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. இராசேஸ்வரி மரியாதைக்குச் சிரித்தாள்.

விசுவமடு தாண்டியதும் பாதை குண்டும் குழியுமாகத் தூக்கிப்போட்டது. இராசேஸ்வரியின் கை தன்பாட்டில் மூட்டைக்குள் போய் ஒரு தேசிக்காயை எடுத்துப் பக்கத்தில் நீட்டியது. இந்த இடத்தில்தான் கமலாசனிக்கு ஒவ்வொரு வருசமும் வயிற்றைப் பிரட்டும். தேசிக்காயை மணந்துகொண்டு கண்ணை மூடிச் சரிந்துவிடுவாள். இந்த முறையும் பழக்கத்தில் தேசிக்காய் மூட்டைக்குள் வந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த ஜொஹறா அதை வாங்கி, நல்ல வேளை அக்கா, தாகமாய்க் கிடக்கு என்று செம்புத் தண்ணீரில் பிழிந்து எல்லோருக்கும் கொடுத்தாள். இராசேஸ்வரியும் குடித்தாள். கமலாசனி மேல் அத்தனை கோபம் இருந்தும், அவள் வாந்திகூட இல்லாத பயணம் என்ன பயணம் என்று இருந்தது.

பின்னேரம் உடையார்கட்டில் ஒரு மரத்தடியில் வண்டி அவிழ்த்தார்கள். இராசேஸ்வரி பொங்கல்வரை விரதம். தனியே கல் வைத்து மரக்கறியும் சோறும் காய்ச்சினாள். அவர்கள் தங்கள் அடுப்பில் றொட்டி சுட்டுச் சம்பல் அரைத்தார்கள். சாப்பிட இருக்கும்போது, எடி நேசம், அந்தச் செம்பை எடு என்று றாபியாவைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். றாபியா செம்பை எடுத்துக் கொடுத்தாள். மூன்று நல்ல மனிசர் பக்கத்தில் இருக்கிறார்கள். மாட்டை அவிழ்க்க, தண்ணீர் மொள்ள, பாய் விரிக்க ஒருவரும் அவளை விடவில்லை. அப்படி இருந்தும் பரந்த வெளியில் ஒற்றை ஆளாக விட்டதுபோல அவளுக்குக் கிடந்தது. இப்படி நினைப்பதற்காகத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சலும் வந்தது.

திங்கட்கிழமை வற்றாப்பளை மணலில் கால் வைக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் அடுப்பு, புகை, பானை. இராசேஸ்வரி கச்சு முகம்மதுவின் காப்புக் கடைக்குப் பின்பக்கம், வேம்புக்குக் கீழே இடம் பிடித்தாள். ஜொஹறாவிடம் கடையை விட்டுவிட்டு றாபியா விறகு தூக்கிவந்து போட்டாள்; பிறகு அடுப்புக்குக் கிட்ட வராமல் ஓர் எட்டுத் தள்ளிக் குந்தினாள். இராசேஸ்வரி பானை வைத்து, தண்ணீரும் பேருக்குக் கொஞ்சம் பாலும் விட்டாள்; அது நுரைத்துப் பொங்கி வழிந்தது. இனி அரிசி போடவேண்டும்.

கமலாசனியின் முடிச்சைத்தான் முதலில் எடுத்தாள், கோபத்தை முதலில் தீர்த்துவிடலாம் என்று. அவிழ்த்ததும் கை நின்றுவிட்டது. நல்ல மொட்டைக்கறுப்பன் பச்சையரிசி. கல் இல்லை, உமி இல்லை, தவிடு போகாமல் பக்குவமாகக் கையால் குற்றியது. அரிசிக்கு நடுவே ஒரு சின்ன முடிச்சில் வறுத்த பயறும் கட்டிவைத்திருந்தாள். எட்டுப் பேருக்குச் சமைக்கிற குசினியில், எந்த நேரத்தில் இவள் உலக்கை பிடித்தாள்? இரண்டு முறை நான் போய் நின்றபோது தராதது குற்றி முடியாததாலா? இராசேஸ்வரிக்கு வெட்கமாகப் போயிற்று. கமலாசனியின் கையாக நினைத்து மும்முறை சுற்றிப் பானையில் போட்டாள்.

பிறகு தன் முடிச்சு. பிறகு நேசமலருடைய பூப்போட்ட கைலேஞ்சி. இதை அவள் ஆசையாக அவிழ்த்தாள்.

விரல் பட்டதுமே தெரிந்துவிட்டது. பச்சையரிசி விரலில் மாவாக ஒட்டும். இது ஒட்டவில்லை. மணிமணியாக, மஞ்சள் பிடித்து, கண்ணாடிபோல் மினுங்கிற்று. ஒன்றை வாயில் போட்டுக் கடித்தாள். கடுக்கென்றது. புழுங்கல். அன்றாடம் சோறு காய்ச்சுகிற புழுங்கல் அரிசி. கடதாசிப் பூவைப் பார்த்துக்கொண்டு எந்தப் பானைக்குள் கையை விட்டாளோ, அதில் அகப்பட்டதை முடிந்து, கண்ணில் ஒற்றித் தந்திருக்கிறாள். நேர்த்தி வைத்த வாயே அவளுடைய வாய்தான்.

வஞ்சகம் இல்லை. அது இராசேஸ்வரிக்கு நன்றாகத் தெரியும். வஞ்சகமாக இருந்தால் திட்டித் தீர்க்கலாம். நேசமலர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பார்க்காமல் தந்ததற்கு என்ன சொல்லி ஏசுவது?

பானை கொதித்தது. கைலேஞ்சியை மடியில் வைத்துக்கொண்டு அவள் சும்மா குந்தியிருந்தாள். இதைப் போட்டால் மற்ற அரிசி குழைய இது குழையாது, புக்கை கெட்டுவிடும். போடாவிட்டால் நேர்த்தி கெட்டுவிடும். றாபியா எட்டிப் பார்த்தாள். அவளும் நெல் விளைகிற வீட்டுப் பெண், அரிசியைத் தெரியாதா?

"அக்கா, எங்கட வண்டியில பச்சையரிசி கிடக்கு. உம்மா வீட்டுக்கெண்டு நானே குத்தினது. ரெண்டு சுண்டு கொண்டு வரட்டே?"

"வேண்டாம் பிள்ளை. அது சரிவராது."

வெடுக்கென்றுதான் சொன்னாள். றாபியாவின் முகம் சுருங்கியது. இதில் தன் கைபட்ட அரிசி ஆகாதுதான் என்று நினைத்திருக்கவேண்டும். மெல்ல எழுந்து கடைப்பக்கம் போய்விட்டாள். இப்போது அடுப்படியில் அவளும் பானையும்தான். நாலாபக்கமும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் பொங்கல் பொங்கல் என்று கூவினார்கள். அவள் நேசமலரின் அரிசியை இரண்டு கையிலும் அள்ளி, மும்முறை சுற்றி, பானைக்குள் விட்டாள். ஒரு மணிகூடக் கீழே சிந்தவில்லை.

எவ்வளவு நேரம் எரித்தும் அது முழுசாக வேகவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகிற பங்கு புளித்துவிடும் என்று தேங்காய்ப்பாலும் விடவில்லை. சர்க்கரையும் பயறும் போட்டு இறக்கிப் படைத்தாள். ஊரில் நிற்கிற இருவருக்கும் ஆளுக்கொரு பங்காக இரண்டு வாழையிலைப் பொட்டலம் கட்டினாள். மிச்சத்தைத் தான் சாப்பிட்டாள். குழைந்த புக்கைக்குள் பல்லில் கடுக்குக் கடுக்கென்று நேசமலர் அகப்பட்டாள். கண்ணீர் வந்தது. புகை என்று சொல்ல அருகில் ஆள்கூட இல்லை.

செவ்வாய் விடியத் திரும்பினார்கள். கடையில் மிஞ்சிய பெட்டிகளை முரசுமோட்டை, பரந்தன் பக்கம் விற்றுவிட்டுத்தான் அவர்கள் ஊர் திரும்புவார்கள். றாபியா அதிகம் கதைக்கவில்லை. மரியாதையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் வாங்கோ அக்கா, இருங்கோ அக்கா என்பதோடு நின்றது. உடையார்கட்டில் அதே மரத்தடியில் வண்டி அவிழ்த்ததும் ஜொஹறா சாக்குக்குள்ளிருந்து கருவாட்டை எடுத்து, அப்பாடா, மூண்டு நாளைக்குப் பிறகு இண்டைக்குத்தான் வாய்க்கு ருசியா என்றாள். றாபியா அவளைக் கண்ணால் அடக்கினாள். அப்போதுதான் இராசேஸ்வரிக்கு விளங்கியது. தன் விரதத்துக்காக இந்த மூன்று பேரும் வண்டியில் கருவாட்டை வைத்துக்கொண்டே வெறும் சம்பலோடு றொட்டி தின்றிருக்கிறார்கள்.

அவள் எழுந்துபோய் றாபியாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். உள்ளதை உள்ளபடி சொன்னாள். உன் அரிசியில் ஒரு குறையும் இல்லைப் பிள்ளை, மற்றவளின் அரிசி இல்லாமல் அந்தப் பானையை என்னால் இறக்க முடியவில்லை, அதுதான் சங்கதி என்றாள். றாபியா நிலத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"அந்த அக்கா அவ்வளவு வேண்டியவவா?"

"வெள்ளத்துக்குள்ள வந்து என்ர கையைப் பிடிச்சவள்."

றாபியா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். இராசேஸ்வரியே, இப்ப கொண்டு வா உன்ர அரிசியை என்றாள். வெள்ளத்துக் கஞ்சிக்குப் பிறகு பொங்கலைத் தவிர வேறொன்றும் வேகாத அந்தப் பித்தளைப் பானையைக் கழுவி, றாபியாவின் இரண்டு சுண்டுப் பச்சையரிசியைப் போட்டு, தேங்காய்ப்பாலும் தாராளமாக விட்டுச் சர்க்கரைப் புக்கை காய்ச்சினாள். நாலு பேரும் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். கச்சு முகம்மது இரண்டாந்தரமும் கேட்டு வாங்கினார். புக்கை பஞ்சாகக் குழைந்து வந்திருந்தது. அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்ததும் அதுதான்.

புதன்கிழமை மத்தியானம் வீட்டில் இறங்கினாள். முகம் கழுவியதும் பொட்டலங்களோடு புறப்பட்டாள். கமலாசனி குசினியில் நின்றபடியே ஒரு வாய் போட்டு, நல்லாயிருக்கு அக்கா என்றாள். அதற்குள் வெளியில் மெசின் வந்து நின்று ஆட்கள் தேத்தண்ணி கேட்டார்கள். அரிசியைப் பற்றி ஏதோ சொல்ல நினைத்து வந்த இராசேஸ்வரி, பயறு போட்டனான் எடி என்று மட்டும் சொன்னாள். மெசின் சத்தத்தில் அது கேட்டதோ இல்லையோ.

நேசமலர் விறாந்தையில் இருந்தாள். திறப்புவிழா பெருஞ்சிறப்பாக நடந்திருந்தது. மேளம், மாலை, வரவேற்புரை, பெரியவர் அவளைப் பாராட்டிய பாராட்டு எல்லாவற்றையும் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் பிடித்தது. பிறகுதான் பொட்டலத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றி, பிரித்து, ஒரு பிடி வாயில் போட்டாள். மென்றாள். மெல்வது கொஞ்சம் நின்றது. நாக்கு நுனியிலிருந்து ஒரு அரிசியை விரலால் எடுத்துப் பார்த்தாள்.

"என்னக்கா, சரியா வேகேல்லையே. நாங்கள் இல்லாமல் தனியப் பொங்கினா உப்பிடித்தான். அடுத்த முறை நான் வாறன், பாருங்கோ."

இராசேஸ்வரியின் நீண்ட வாய் அந்த ஊருக்கே தெரிந்தது. அதில் அன்றைக்கு ஒரு சொல்தான் வந்தது.

"ஓம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து பானையை விளக்கி, இடம் கிடக்கிற இடத்தில் கவிழ்த்து வைத்தாள். அடுத்த வைகாசியில் கமலாசனியிடம் இன்னொரு மெசின் இருந்தது, நேசமலர் கொழும்பில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தாள். காப்பு வண்டி வாய்க்கால் முடக்கில் வந்து நின்றது. இராசேஸ்வரி தன் அரிசியை மட்டும் முடிந்துகொண்டு ஏறினாள். அந்த வருசம் அவள் யாரிடமும் பங்கு கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அவர்களும் பிறகு கேட்கவில்லை.